எர்த் இல்லாத வீடு

விருதுநகரில் அம்மாச்சி வீட்டு கிரைண்டர் ஷாக் அடிக்கும். பெரிய ஷாக் இல்லை. ஈரக் கையோடு தொட்டால் முழங்கை வரைக்கும் சுர்ரென்று ஏறி இறங்கும். அம்மாச்சி அதை ஒரு குறையாகவே சொன்னதில்லை. ஒரு மரப்பலகை மேல் ஏறி நின்றுகொண்டு மாவை வழிப்பார். "அதுக்குத்தான்யா பலகை போட்டிருக்கு" என்பார்.

போன வருஷம் அந்தப் பலகையைக் கரையான் அரித்துவிட்டது. பலகை மட்டும்தானா என்று அண்ணாந்து பார்த்தேன். நடுவீட்டு உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடம்வரை மண்கோடு ஏறியிருந்தது.

நான் ட்ரிபிள் ஈ படித்துவிட்டு பெங்களூரில் கோட் எழுதுகிறவன். படித்த நாளிலிருந்து சொந்தமாக ஒரு சுவிட்ச்கூட மாட்டியதில்லை. இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக யூடியூபில் அமெரிக்கர்கள் தங்கள் வீட்டு பேஸ்மென்ட்டைத் தாங்களே புதுப்பிப்பதைப் பார்த்தேன். மரச்சட்டம் அடிக்கிறார்கள், வயர் இழுக்கிறார்கள், கடைசியில் ஒரு சோபாவைப் போட்டு பீர் குடிக்கிறார்கள். அந்தத் தைரியத்தில் மாமாவுக்கு போன் போட்டு, "பேஸ்மென்ட் வேலை மாதிரி நாமளே செஞ்சிரலாம் மாமா" என்றேன்.

"பேஸ்மட்டத்துல என்ன மாப்ள வேலை? அது நல்லாத்தான இருக்கு."

நம்ம ஊரில் அந்தச் சொல் தலைகீழாக நிற்கிறது. அங்கே அது தரைக்குக் கீழே இருக்கும் அறை. இங்கே கடைக்காலுக்கு மேல் வீட்டைத் தூக்கிப் பிடிக்கிற மேடை. குளிர் நாடுகளில் அஸ்திவாரத்தை உறைபனி எட்டாத ஆழத்துக்கு இறக்க வேண்டும். அவ்வளவு தோண்டிய பிறகு அதை அறையாக்கிக்கொள்வது சுலபம். நம்முடையது கரிசல். மழையில் ஊதும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதற்குள் அறை கட்டினால் வருஷா வருஷம் மண் சுவரை நெருக்கும். அதனால் ஒளித்துவைக்க வேண்டியதையெல்லாம் இந்த ஊர் வீடுகள் மேலே, மச்சில் வைத்தன.

மச்சைத் தாங்குவது தேக்கு. உத்திரத்தின் மேல் நெருக்கமாகக் குறுக்குக் கட்டைகள், அதற்கு மேல் செங்கலைச் செங்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள்கணக்கில் அடித்து இறுக்கிய தளம். மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். அதற்குப் பெயர் கொடுத்தது மெட்ராஸ். மரம் கொடுத்தது பர்மா. 1885இல் பம்பாய் பர்மா கம்பெனிக்கு தேக்கு விவகாரத்தில் மன்னர் தீபாவின் அரசு அபராதம் போட்டது. ஆங்கிலேயர்களுக்கு ஏற்கெனவே வேறு காரணங்களும் இருந்தன. அபராதத்தைச் சாக்காக வைத்துப் படையெடுத்தார்கள். 1886 ஜனவரி 1ஆம் தேதி மேல் பர்மா அவர்கள் கணக்கில் சேர்ந்தது. அதற்குப் பத்து வருஷம் முன்பே மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்துவிட்டது. விருதுபட்டி அந்தப் பாதையில் இருந்தது. (ஊர் விருதுநகர் என்று பெயர் மாறியது 1923இல்தான்.) 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததோடு அந்த மரவரத்து நின்றுபோனது. "எங்க மாமனார் சண்டைக்கு முந்தி கட்டுனதுன்னு சொல்லுவாக" என்று அம்மாச்சி சொல்வது சரியாகத்தான் இருக்க வேண்டும்.

உத்திர வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. நல்ல தேக்கைக் கரையான் சீக்கிரம் தொடாது. சுவருக்குள் இருந்த நுனி மட்டும், வருஷக்கணக்கில் தண்ணீர் இறங்கி, இற்றுப் போயிருந்தது. சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்து, இற்ற நுனியை அறுத்தெடுத்தார் ஆசாரி. காரைக்குடியில் இடித்த வீட்டுத் தேக்குச் சட்டம் இரண்டை வாங்கி உத்திரத்தின் இருபுறமும் வைத்து போல்ட் போட்டோம். மூன்று நாள். என் பங்களிப்பு, போல்ட்டை முறுக்கியதும் வீடியோ எடுத்ததும்.

வயரிங்தான் எங்களைத் திணறடித்தது.

தகரப்பெட்டியில் ஒரு பழைய ரசீது கிடைத்தது. தேதி அழிந்திருந்தது. ஆனால் மேலே மெட்ராஸ் மாநில மின்சார வாரியம் என்று தெரிந்தது. வாரியம் பிறந்தது 1957 ஜூலை 1. அப்படியென்றால் காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்திலோ அதற்குச் சற்றுப் பின்னோ கரண்ட் வந்திருக்கிறது. பைக்காரா 1930களிலும் பாபநாசம் 1944இலும் ஓடத் தொடங்கின. ஆனால் தெருவிலிருந்து வீட்டுக்குள் கம்பி வருவதற்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

சுவரில் தேக்குப் பட்டி அடித்து, அதன் மேல் தகரக் கிளிப்பால் வயரை இறுக்கியிருந்தார்கள். சில இடங்களில் மரக்கேசிங்குக்குள். செம்புக் கம்பி, மேலே ரப்பர், அதற்கு மேல் பருத்தி நூல் பின்னல். தொட்டதும் ரப்பர் கருவாடு மாதிரி உதிர்ந்தது. சிவப்பு, கறுப்பு, இரண்டே வயர். பச்சை எங்குமே இல்லை.

அன்றைக்கு வேலை செய்தவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வயரிங் செய்தது ஐந்து பல்புக்கும் ஒரு ஃபேனுக்கும். பேக்கலைட் சுவிட்ச், மரப்பலகை, உயரத்தில் தொங்கும் பல்பு. மனிதக் கை தொடுகிற இரும்பு எதுவும் அதில் இல்லை. கோயம்புத்தூரில் 1950களில் உருவான வெட் கிரைண்டர் இந்த அடுப்படிக்கு வர இன்னும் காலம் இருந்தது. பிறகு கிரைண்டர் வந்தது, ஃப்ரிட்ஜ் வந்தது, அயர்ன் பாக்ஸ் வந்தது. எல்லாம் உலோக உடம்பு, மூன்று முள் பிளக். மூன்றாவது முள்ளை வாங்கிக்கொள்ள சுவரில் யாருமில்லை. எங்கள் வீட்டில் அந்த முள்ளை உடைத்தேவிட்டிருந்தார்கள்.

மாமா மெயின் போர்டைத் திறந்து பீங்கான் ஃபியூஸை உருவினார். உள்ளே ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் பென்சில் முனை தடிமனுக்குச் செம்புக் கம்பி. எது எரிந்தாலும் இது எரியாது. கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் போட்டதுதான்" என்றார். "அடிக்கடி ஃபியூஸ் போவுது, அம்மா தனியா இருக்காகன்னு..."

மாமா சிவகாசியில் ஒரு பட்டாசு ஆலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைவிட ஜாக்கிரதையான மனிதரை நான் பார்த்ததில்லை. மருந்து அறையில் நாலு பேருக்கு மேல் ஐந்தாவது ஆள் எட்டிப் பார்த்தாலே சத்தம் போடுவாராம். அந்த அறைகளில் பல்பு கிடையாது, பகல் வெளிச்சம்தான். கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கும். தரையில் ரப்பர் விரிப்பு. உள்ளே போகுமுன் வாசலில் எர்த் செய்த செம்புத் தகட்டில் கை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், உடம்பில் இருக்கிற மின்னூட்டம் மண்ணுக்குள் இறங்க. உடம்பை எர்த் செய்துகொண்டு வேலைக்குப் போன மனிதர், அவர் அம்மா வீட்டில் எர்த் இல்லாமல் விட்டிருக்கிறார்.

அன்று ராத்திரி இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதையை இந்தப் பக்கம் எல்லாரும் சொல்வார்கள். அதோடு சேர்ந்து வந்த இன்னொரு வரலாறு உண்டு: 1884 வெடிபொருள் சட்டம், 1940 விதிகள், 1983, 2008 விதிகள். அந்தச் செம்புத் தகடு சும்மா வரவில்லை. பின்னால் லைசென்ஸ் இருக்கிறது, சோதனைக்கு வருகிற அதிகாரி இருக்கிறார், செத்தவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவும் இருந்தும் 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோர் போனார்கள். வீட்டுக்கோ முதல்நாள் கனெக்‌ஷன் கொடுத்ததோடு சரி. பிறகு அறுபது வருஷம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

வேறு இடத்திலும் பாதுகாப்பு முதலில் போனது ஆபத்தான தொழிலுக்குத்தான். மண்ணுக்குக் கசியும் சிறு மின்னோட்டத்தைக் கண்டுபிடித்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியின் முன்னோடிகளில் ஒன்றை, 1950களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக உருவாக்கினார் ஹென்றி ரூபின். வீட்டுக்கு அது பிறகுதான் வந்தது. அதன் பேரனைத்தான் அம்மாச்சி வீட்டு போர்டில் மாட்டினோம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் கண்ணிமைப்பதற்குள் வெட்டிவிடும்.

மாட்டினோம் என்றால், நானில்லை. 1956 மின்சார விதிகளில் 45ஆவது விதி பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவதற்கு மேல் வயரிங் வேலை எதையும் லைசென்ஸ் இல்லாதவர் செய்யக் கூடாது என்றது. பின்னால் வந்த விதிகளிலும் அது தொடர்கிறது. அமெரிக்க வீடியோக்கள் இதைச் சொல்வதில்லை. கான்ட்ராக்டர் வந்தார், பைப் போட்டார், மூன்று வயர் இழுத்தார். நான் சுவரில் காடி வெட்டினேன். எர்த் குழி தோண்டினேன். நாலடிக்குக் கீழே கரிசல் கோடையிலும் குளிர்ச்சியாக இருந்தது. கரியும் உப்பும் மாற்றி மாற்றி அடுக்கிக் குழியை மூடினோம். காய்ந்தால் எர்த் வேலை செய்யாது, வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றணும் என்று சொன்னதை அம்மாச்சி பிடித்துக்கொண்டார். துளசிக்கு ஊற்றுகிற அதே செம்பில் தினமும் ஊற்றுகிறார்.

கிரைண்டரை முதலில் ஓட்டியபோது ஆர்சிசிபி உடனே விழுந்தது. கோளாறு மோட்டாரிலேயே இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் பலகைதான் தடுத்திருக்கிறது. மோட்டார் சுற்றக் கொடுத்து வாங்கிய பிறகு, மாமா ஓடுகிற கிரைண்டர் மேல் உள்ளங்கையை வைத்து அசையாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகுதான் அம்மாச்சியைக் கூப்பிட்டார். அம்மாச்சி வந்தார், பழக்கத்தில் பலகையைத் தேடினார்.

மச்சு அறைக்குக் காசு போதவில்லை. அங்கே இன்னும் பழைய வயர்தான். மெயினிலேயே அதைக் கழற்றிவிட்டிருக்கிறோம். மேலே ஏதாவது எடுக்கணும் என்றால் அம்மாச்சி டார்ச்சோடு ஏறுகிறார். பொங்கலுக்கு லீவ் சொல்லியிருக்கிறேன்.