விமானியின்ரை குரலும் கரித்தூள் மைக்கும்

விமானத்திலை இருந்து றேடியோவிலை கதைக்கிறவைக்குத் தங்கடை குரல் கீழை எப்பிடிக் கேக்குது எண்டு தெரியாது. காதுக்குள்ளை கேக்கிறது தங்கடை கருவி திருப்பித் தாற குரல்தான். அது பெரிசாக் கேட்டால் மெதுவாக் கதைப்பினம், சிறிசாக் கேட்டால் கத்துவினம். இரைச்சலுக்கை மனிசர் தங்களை அறியாமலே குரலை உயர்த்துவினம் எண்டதை 1911 இலேயே எத்தியென் லொம்பார்ட் எண்ட பிரெஞ்சு வைத்தியர் சொல்லிப்போட்டார். (எங்கடை ஆக்கள் ஊருக்கு ரெலிபோன் எடுத்தால் பக்கத்து வீட்டுக்கும் செய்தி போறது இதாலைதான் போலை!)

1915 கோடையிலை, இங்கிலாந்தின்ரை புறூக்லண்ட்ஸிலை, சார்ள்ஸ் எட்மண்ட் பிறின்ஸ் எண்டவரின்ரை குழு பறக்கிற விமானத்திலை இருந்து தரைக்குக் குரலை அனுப்பிக் காட்டிச்சுது. அந்த நாளையிலை விமானத்திலை இருந்து மோர்ஸ் தட்டுறதுதான் வழக்கம். அந்தக்கால மைக் எண்டது ஒரு சிமிழுக்குள்ளை கரித்துணிக்கையள், முன்னாலை ஒரு மெல்லிய தகடு. குரல் பட்டுத் தகடு அமத்த, துணிக்கையள் நெருங்கி மின்சாரம் கூடும், விட்டால் குறையும். ஆனால் எஞ்சின் சத்தமும் காத்தும் அதே தகட்டிலைதானே படும்? உணர்திறனைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும்.

இரண்டாம் உலகப்போரிலை ஜேர்மன் விமானிகள் கழுத்திலை கட்டுற மைக்கைப் பாவிச்சவை. தொண்டை அதிர்வை அது எடுக்கும், எஞ்சின் சத்தம் பெரிசா ஏறாது. கெட்டித்தனம்தான். ஆனால் எழுத்துப் பிறக்கிறதுக்குத் தொண்டை மட்டும் காணாது. பல்லும் உதடும் நாக்கும் அண்ணமும் வேணும் எண்டு எங்கடை தொல்காப்பியம் பிறப்பியலிலை சொல்லியிருக்கு. கழுத்து மைக்குக்குப் பல்லும் உதடும் தெரியாது. உயிர் வந்து சேரும், மெய் பாதி வழியிலை நிண்டிடும். பிரித்தானியர் மைக்கை ஒட்சிசன் முகமூடிக்குள்ளை வைச்சினம்.

எனக்குப் பிடிச்சது அமெரிக்கப் படையளின்ரை ரி-45. மேலுதட்டிலை மாட்டுறது, இரண்டு பக்கமும் திறந்தது. தூரத்து இரைச்சல் இரண்டு பக்கமும் ஒரே அளவாப் பட்டு ஒண்டையொண்டு அழிக்கும்; கிட்டடியிலை இருந்து வாற குரல் ஒரு பக்கத்தைத்தான் பலமாத் தள்ளும். கூடக் கேக்கிறதை விட்டிட்டு, எதைக் கேக்காமல் விடவேணும் எண்டு யோசிச்சிருக்கினம்.

இது வெறும் வசதிப் பிரச்சினை இல்லைப் பாருங்கோ. உயரம், திசை, ஓடுபாதை எல்லாம் எண்கள். ஒண்டு பிழைச்சால் உயிர் போகும். அதாலைதான் விமான றேடியோவிலை ஒன்பதை 'நைனர்' எண்டும் ஐந்தை 'ஃபைஃப்' எண்டும் சொல்லுகினம். அல்ஃபா, பிறாவோ எண்டு போற எழுத்து வரிசையும் 1956 இலை நடைமுறைக்கு வந்தது.

1962 இலை ஜேம்ஸ் வெஸ்ற்றும் கெர்ஹார்ட் செஸ்லரும் அமெரிக்காவின்ரை பெல் ஆய்வுகூடத்திலை எலெக்ரெற் மைக்கைச் செய்தினம். பிறகு அது விமானத்துக்கும் வந்தது. வேடிக்கை என்னெண்டால், விமான றேடியோக்கள் கரி மைக்குக்கு எண்டே செய்தவை. அதாலை புதுமைக்குக்குள்ளை ஒரு குட்டி அம்பிளிஃபயரை வைச்சு, கரி மைக் மாதிரி நடிக்க விட்டிருக்கினம். இண்டைக்கும் கனக்க விமானங்களிலை அந்த நாடகம்தான் நடக்குது.

அந்த அம்பிளிஃபயரைக் கூட்டிக் குறைக்கச் சில மைக்குகளிலை சின்னத் துளைக்குள்ளை ஒரு திருகாணி இருக்கும். குரல் காணாது எண்டால் கனபேர் முதல் அதிலைதான் கை வைப்பினம். மைக் உதட்டுக்கு முட்டாக்குறையாய் நிக்குதோ, சரியான பக்கம் வாயைப் பாக்குதோ எண்டதை முதலிலை பாக்கவேணும். தள்ளி வைச்சிட்டுத் திருகினால் இரைச்சல்தான் ஏறும். அளவுக்கு மிஞ்சித் திருகினால் குரல் உடைஞ்சு கரகரக்கும். தரையிலை ஒருத்தரைக் கேக்கச் சொல்லிப்போட்டு, எஞ்சினை ஓடவிட்டுத்தான் திருகவேணும்.