பரங்கிமலை லிபரேட்டரும் சிவப்பில்லாத வட்டமும்

போர்விமானங்களைச் சிற்றளவில் செய்து வண்ணம் தீட்டும் கலை இன்று ஓய்வுநேரப் பொழுதுபோக்காகக் கருதப்பட்டாலும், அது பரவலானதில் இரண்டாம் உலகப்போருக்குப் பெரும்பங்கு உண்டு. 1932-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘ஸ்கைபேர்ட்ஸ்’ மரத்துண்டுப் பெட்டிகளும், 1936-இல் வந்த ‘ஃபிராக் பெங்குவின்’ பிளாஸ்டிக் பெட்டிகளும் 1:72 என்னும் அளவைக் கையாண்டன. ஆறடி நீளத்தை ஓர் அங்குலமாகச் சுருக்குவது என்பதே அதன் பொருள். போர் மூண்டதும், வானில் தெரியும் நிழலுருவைக் கொண்டு நம் விமானமா எதிரி விமானமா என்று நொடியில் பிரித்தறியும் பயிற்சிக்கு இந்தச் சிற்றுருவங்கள் தேவைப்பட்டன. 1942-இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களைக் கொண்டு ஐந்து லட்சம் மாதிரிகளைச் செய்விக்க முனைந்தபோது, இதே அளவையே ஏற்றுக் கறுப்பு வண்ணம் மட்டும் பூசச் சொன்னது. ஏனெனில் 35 அடி தொலைவில் தொங்கவிடப்பட்ட மாதிரி, ஏறக்குறைய அரை மைல் தொலைவில் பறக்கும் உண்மை விமானத்தின் தோற்றத்தைத் தரும். வண்ணத்துக்கு அங்கே வேலையே இல்லை. வண்ணத்தைப் பற்றிய கவலையெல்லாம் போருக்குப் பின், விமானம் வரலாற்றுப் பொருளாகிவிட்ட காலத்தில் வந்தது. அந்தக் கவலை சென்னையைப் பொறுத்தவரை எத்தகையது என்பதை ஒரு குறிப்பிட்ட குண்டுவீச்சு விமானத்தைக் கொண்டு காணலாம்.

1942 ஏப்ரல் 5-ஆம் நாள் கொழும்பும், மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-ஆம் நாள் திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டபின், மதராஸ் நகரம் சில வாரங்களில் பாதி காலியானது. மயிலாப்பூரிலும், அப்போதுதான் வளர்ந்துவந்த தியாகராய நகரிலும் வீடுகளைப் பூட்டிக்கொண்டு குடும்பங்கள் சொந்த ஊர்களுக்குப் புறப்பட்டதையும், வீட்டு வாடகை சரிந்ததையும் அக்காலத்து நினைவுக்குறிப்புகள் பலவற்றில் காணலாம். நகரம் உண்மையில் கண்டது 1943 அக்டோபரில் வந்துபோன ஒற்றை ஜப்பானிய விமானத்தின் சிறு குண்டுவீச்சு மட்டுமே. ஆனால் மக்கள் வெளியேறிய அதே காலத்தில் நகரின் ஓரங்கள் ராணுவத்தால் நிரம்பத் தொடங்கின. வடக்கே செங்குன்றம் ஏரியில் ‘கேட்டலினா’ எனப்படும், நீரில் இறங்கி எழும் விமானங்கள் தங்கின. தெற்கே அடையாற்றுக்கு அப்பால் பரங்கிமலைத் தளத்தில் நான்கு எஞ்சின் கொண்ட ‘லிபரேட்டர்’ குண்டுவீச்சு விமானங்கள் 1944-இல் வந்து சேர்ந்தன.

அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனம் வடிவமைத்த லிபரேட்டர், பி-24 என்ற பெயரில் 18,000-க்கும் மேல் உற்பத்தியானது. வேறெந்தக் கனரகக் குண்டுவீச்சு விமானமும் அவ்வளவு எண்ணிக்கையில் கட்டப்படவில்லை. 110 அடி நீண்ட ஒடுங்கிய இறக்கைகள் அதற்கு நெடுந்தூரம் பறக்கும் ஆற்றலைத் தந்ததால், பிரிட்டிஷ் விமானப்படை அதை நகரங்களின்மேல் குண்டுபோட மட்டுமின்றிக் கடல்மேல் நீர்மூழ்கிகளைத் தேடவும் அமர்த்தியது. பரங்கிமலைக்கு வந்த 200-ஆம் படைப்பிரிவு அத்தகைய கடற்காவல் பிரிவு. அதற்கு முன் மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்தபோது, 1943 ஆகஸ்ட் 11 அன்று அதன் விமானிகளுள் ஒருவரான நியூசிலாந்துக்காரர் லாயிட் டிரிக், தீப்பற்றிய லிபரேட்டரைத் திருப்பாமல் செலுத்தி யூ-468 என்னும் ஜெர்மன் நீர்மூழ்கியை மூழ்கடித்து, தம் குழுவினர் அனைவருடனும் மாண்டார். சாட்சி சொல்ல அவர் தரப்பில் ஒருவரும் மிஞ்சவில்லை. உயிர் தப்பிய எதிரி மாலுமிகளின் வாக்குமூலத்தைக் கொண்டே அவருக்கு விக்டோரியா கிராஸ் விருது வழங்கப்பட்டது. இத்தகைய பெயரோடு வந்த பிரிவு ஓராண்டுக்குச் சற்று மேல் மதராஸிலிருந்து வங்கக்கடலைக் காத்து, 1945-இல் வங்காளத்திலுள்ள ஜெசூருக்கு மாற்றப்பட்டு, அவ்வாண்டு மே மாதம் 8-ஆம் பிரிவு என மறுபெயர் பெற்றது.

இதற்கு நேர்மாறாக, மாகாணத்தில் திரட்டப்பட்ட போர்நிதிக்கு நன்றியாக 79, 234, 264 ஆகிய மூன்று பிரிவுகள் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற பட்டத்தைச் சுமந்தன. ஒரு ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் விலை 5,000 பவுன் என்று பெயரளவுக்கு நிர்ணயித்து நன்கொடை கேட்ட காலம் அது. இவற்றுள் 264-இன் டிஃபயன்ட் விமானங்களும் 234-இன் ஸ்பிட்ஃபயர்களும் போரிட்டது இங்கிலாந்தின் வானில். மதராஸின் பெயரைத் தாங்கியவை வேறெங்கோ பறக்க, மதராஸின்மேல் நாள்தோறும் பறந்தது பெயரில்லாமல் போயிற்று. மாதிரி செய்பவர்களும் பெரும்பாலும் பட்டம் பெற்றவற்றையே நாடுகிறார்கள் என்பது வருந்தத்தக்கது.

பரங்கிமலை லிபரேட்டரைச் செய்ய முனைபவர் முதலில் இடறக்கூடிய இடம் இறக்கையிலுள்ள வட்டம். பிரிட்டிஷ் விமானங்களின் அடையாளம் நடுவில் சிவப்பு, அதைச் சுற்றி வெள்ளை, வெளியே நீலம் என்பது உலகறிந்தது. ஜப்பானிய விமானங்களின் அடையாளமோ தனிச் சிவப்பு வட்டம். பறக்கும் வேகத்தில் கண்ணில் படுவது சிவப்பு ஒன்றே என்பதால், தம் விமானங்களைத் தாமே சுட்டுவிடும் அபாயம் எழுந்தது; அமெரிக்கர்கள் 1942 மே மாதத்தில் தங்கள் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் பொட்டை நீக்க, இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இருந்த பிரிட்டிஷ் விமானங்களும் படிப்படியாகச் சிவப்பை விட்டன. நடுவே தூய வெள்ளை இட்டால் அது பளிச்சிட்டு உருமறைப்பைக் கெடுக்கும் என்பதால், வெள்ளையில் நீலம் கலந்த வெளிர்நீலம் நடுவிலும் அடர்நீலம் வெளியிலுமாக இரு வளையங்கள் மட்டும் நிலைபெற்றன. ஐரோப்பியப் போர்முனையை மனத்தில் கொண்டு அச்சிடப்படும் பெட்டிகளில், நீரில் ஊறவைத்து ஒட்டும் டெக்கால் தாளில் சிவப்பு வட்டமே பெரும்பாலும் இருக்கும். அதை அப்படியே ஒட்டினால், எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும் அது மதராஸ் விமானம் ஆகாது.

அடுத்தது உடலின் நிறம். கடற்காவல் விமானங்களுக்கு மேற்பரப்பில் கருஞ்சாம்பலும், பக்கங்களிலும் அடியிலும் வெள்ளையும் பூசுவது வழக்கம். நீர்மூழ்கியின் தளத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கு, மேகம் சூழ்ந்த வானத்தின் முன் கறுப்பைவிட வெள்ளையே தாமதமாகப் புலப்படும் என்பது சோதனையில் கண்ட உண்மை. 1:72 அளவில் ஏறத்தாழ 47 சென்டிமீட்டர் அகலம் வரும் இறக்கையில் இந்த வெள்ளையைப் பூசுவதே கடினம். ஒரே பூச்சில் மூட நினைத்தால் வழிந்து திரளும், ஆகவே இரண்டு பாதிகளும் சேரும் மூட்டில் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, நீர்த்த கலவையை நான்கைந்து தடவையாக ஏற்ற வேண்டும். மழைக்காலத்தில் ஈரக்காற்று லேக்கர் வண்ணத்தை மங்கலாகப் பூத்துப்போகச் செய்யும் என்பதைப் புதுப்பேட்டையில் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் நன்கறிவார்கள். சென்னையில் இந்த வேலைக்கு ஐப்பசி, கார்த்திகை உகந்தவையல்ல. மேற்புறச் சாம்பலை டப்பாவில் உள்ளபடியே பூசுவதும் தவறு. வெட்டவெளியில் நின்று வெயிலும் உப்புக்காற்றும் பட்ட வண்ணம் வெளுத்துப் போகும் என்பதால், சிறிது வெள்ளை கலந்து, இறக்கையின் முதுகில் திட்டுத்திட்டாக வெளுப்பு காட்டுவதே பொருத்தம். இன்னொன்று: மூக்கடியில் சக்கரம் கொண்ட லிபரேட்டர் பின்பாரம் மிகுந்தது, உண்மை விமானத்துக்கே சரக்கேற்றும்போது வாலடியில் முட்டுக்கொடுப்பார்கள். மாதிரியில் மூக்கினுள் ஈயக்குண்டுகளை ஒட்டாமல் மூடிவிட்டால், முடித்தபின் அது வாலில் குந்திவிடும்.

வெள்ளைப் பூச்சை முதலில் ஏற்றி, உலரவிட்டு, அதன்மேல் வண்ணம் தீட்டும் முறை நகரத்துக்குப் புதிதல்ல. மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் நவராத்திரிக்கு விற்கும் காகிதக்கூழ்ப் பொம்மைகளும் அப்படித்தான் உருவாகின்றன. கொலுப்படிகளுக்குக் கீழே பிள்ளைகள் அமைக்கும் பூங்காவிலும் விமானநிலையத்திலும் சிறு விமானங்கள் இடம்பெறுவதும் உண்டு. ஆனால் துல்லியமான அளவில் செய்யும் பிளாஸ்டிக் பெட்டிகள் வேறு வழியில் வந்தவை. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்த பல பத்தாண்டுகளில், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பெட்டியே பலருக்கு வழி. கட்டுப்பாடு தளர்ந்து கடைகளில் கிடைக்கத் தொடங்கிய பிறகு, 2020-இல் பொம்மைகளுக்கான சுங்கவரி 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. சுங்க அட்டவணையில் சிற்றளவு மாதிரிகளும் பொம்மைகளின் தலைப்பிலேயே வருவதால், பெரியவர்கள் செய்யும் இந்த நுண்பணியும் கிலுகிலுப்பையோடு சேர்த்தே வரி செலுத்துகிறது.

போர் முடிந்ததும் இந்தியாவிலிருந்த லிபரேட்டர்கள் கான்பூரில் குவிக்கப்பட்டு, மீண்டும் பறக்காதபடி சிதைக்கப்பட்டன. அவற்றுள் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றை ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை பெங்களூருக்குக் கொண்டுவந்து பழுதுபார்த்துக் கொடுக்க, 1948 நவம்பரில் தொடங்கிய இந்திய விமானப்படையின் 5-ஆம் பிரிவு அவற்றைக் கொண்டு அமைந்தது. 1968-இல்தான் கடைசி விமானங்கள் ஓய்வுபெற்றன. பிரிட்டனின் ஹெண்டன், அமெரிக்காவின் பீமா ஆகிய அருங்காட்சியகங்களில் நிற்பவை இந்தியா கொடுத்தவையே. பரங்கிமலைப் பிரிவின் நாட்குறிப்புகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன; விமானத்தை நேரில் அளந்து பார்க்க விரும்பும் சென்னைக்காரர் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு லிபரேட்டர் இருக்கிறது. அதன்மேல் இன்று உள்ளது சுதந்திர இந்தியாவின் வண்ணம் என்பதை மட்டும் நினைவில் கொண்டால் போதும்.