அடைகல்லும் பட்டடையும்: கொல்லுலைச் சொற்கள் சில

கொல்லன் பிறர்க்குக் கருவி செய்யுமுன் தனக்கெனச் செய்துகொள்ள வேண்டியவை இரண்டு: நெருப்பைத் தாங்கும் உலை, அடியைத் தாங்கும் கல். மண், தோல், கல், மரம் என ஊரில் கிடைத்தவற்றைக் கொண்டே அவன் தன் தொழிலிடத்தை அமைத்துக்கொண்டான். இரும்பில் வார்த்த பட்டடை பரவிய பின்னரும் அப்பழைய பொருள்களின் பெயர்கள் தென்னிந்திய மொழிகளில் நிலைத்துள்ளன.

புறநானூற்று 170ஆம் பாடல், பகைவர் தாக்குதலைத் தாங்கி நிற்கும் பிட்டங்கொற்றனை, கொல்லன் ஓங்கி எறியும் கூடத்தை எதிர்கொள்ளும் உலைக்கல்லோடு ஒப்பிடுகிறது. ஈண்டுக் கூடம் என்பது சம்மட்டி. பெரிய அறை எனக் கொண்டால் உவமையே சிதைந்துவிடும். உலைக்கல் என்னும் பெயரை மட்டும் கொண்டு அக்காலப் பட்டடை கல்லால் ஆனது என முடிவு கட்டுதல் பொருந்தாது. பொருள் மாறிய பின்னும் பெயர் தொடர்வது மொழியில் இயல்பு. ஆயினும் பெயர் தோன்றிய காலத்து அது கல்லாகவே இருந்திருக்க வேண்டும் என்பதற்கு அடைகல் என்னும் மற்றொரு சொல்லின் பரவல் வலுவூட்டுகிறது.

தமிழில் அடைகல், மலையாளத்தில் அடகல்லு, கன்னடத்தில் அடெகல், அடிகல், தெலுங்கில் டாகலி, தாகலி என வரும் இவற்றைப் பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (இரண்டாம் பதிப்பு, 1984) ஓரினமாகக் காட்டுகிறது. அடை என்பது தாங்கல், முட்டு. கன்னடத்தில் ‘அடெ’, கம்மாளர் தாம் வேலை செய்யும் பொருளை வைக்கும் மரக்கட்டையையும் குறிக்கும். தெலுங்கு வடிவம் தனியே நோக்கத்தக்கது. சொல் முதல் உயிர் இடம் பெயர்ந்து நீள, டகரம் முதலில் வந்துள்ளது. அவன் என்பதற்கு இனமான வாடு, இவன் என்பதற்கு இனமான வீடு ஆகியவற்றில் நிகழ்ந்த மாற்றமே இது. தெலுங்கர் வழக்கில் கல்லுக்குப் பெயர் ராயி. ஆதலின் தாகலி என்போர்க்கு அதனுள் ஒரு கல் இருப்பது புலப்படுவதில்லை.

காற்றூதும் கருவிக்கு வருவோம். குறுந்தொகை 172, ஏழு ஊர்களின் பொதுவேலைக்கென ஓரூரில் அமைந்த உலையைக் காட்டி, அதன் துருத்தியை மிதிதோல் என்கிறது. காலால் மிதித்து இயக்கும் தோற்கருவி என்பது பெயராலேயே விளங்கும். நடு இந்தியாவின் அகரியாக்கள் தோல் போர்த்த துருத்தியின்மேல் நின்று மிதித்து இயக்கும் முறையை வெரியர் எல்வின் 1942இல் வெளியிட்ட ‘தி அகரியா’ என்னும் நூல் விவரிக்கிறது. அகநானூற்று 55ஆம் பாடலில் துருத்திக்குக் குருகு என்று பெயர். பறவை எனப் பெயர்த்தால் உலைக்களத்தில் நாரை வந்து நிற்கும்!

பட்டடையின் வரலாறு வேறு. முதலில் அடிதாங்கும் கருவி. பின் அக்கருவி இருக்கும் இடம். கன்னடப் பட்டடெயும் இவ்விரு பொருளும் உடையது. தமிழில் பட்டறை என்னும் வடிவம் பெற்றபின் இடப்பொருளே மேலோங்கிற்று. அறை என்னும் சொல்லின் சாயல் இதற்குத் துணைநின்றிருக்கலாம். அச்சுப்பட்டறை, தறிப்பட்டறை என விரிந்து, ஆங்கில ‘ஒர்க்‌ஷாப்’ புதுப்பொருள் பெற்றபோது அதனையும் ஏற்றுக் கவிதைப்பட்டறை, மொழிபெயர்ப்புப் பட்டறை என்றாயிற்று. விளைவாக, பழைய பொருளில் அச்சொல்லை ஆள விரும்பும் மொழிபெயர்ப்பாளர் இன்று பட்டறைக்கல் என்று கல்லை மீண்டும் சேர்க்க நேர்கிறது. செவியின் சிற்றெலும்பைக் குறிக்கும் அறிவியல் தமிழ் பட்டடை என்னும் வடிவையே காத்துள்ளது நன்று.

கொல் என்னும் அடி இவ்வனைத்தினும் பரந்தது. தெலுங்குக் கொலிமி, கன்னடக் குலுமெ இரண்டும் உலையைக் குறிப்பன. நீலகிரிக் கோத்தர் மொழியில் கொலேல் என்பதற்கு மேற்குறித்த அகராதி இரு பொருள் தருகிறது: கொல்லன் தொழிற்கூடம், கோத்தர் ஊரிலுள்ள கோயில். கோத்தரிடம் இரும்புக் கருவிகள் பெற்றுவந்த தோடரின் மொழியில் இதற்கு இனமான க்வலால் என்னும் சொல்லுக்குக் கோத்தரின் தொழிற்கூடம் என்னும் பொருள் மட்டுமே அங்குப் பதிவாகியுள்ளது.