ஒரு மெஷினின் டிஸ்க், இன்னொரு மெஷினில்

கம்ப்யூட்டர் செத்துப்போச்சா? ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி இன்னொரு மெஷின்ல மாட்டு, ஆன் பண்ணிப் பாரு. ரிச்சி தெருவில் சர்வீஸ் செய்கிற பையன் முதல் ஆபீஸ் சிஸ்டம் அட்மின் வரை எல்லோரும் இதைச் செய்திருப்பார்கள். சில சமயம் ஒண்ணுமே நடக்காததுபோல விண்டோஸ் வந்து நிற்கும். பல சமயம் நீலத்திரை. ஏன் வரலைன்னு எல்லோரும் கேட்கிறோம். சில சமயமாவது எப்படி வருகிறது என்பதுதான் எனக்கு சுவாரஸ்யமான கேள்வி. ஒரு கம்பெனி செய்த மெஷினில் எழுதிய டிஸ்க், வேறு கம்பெனி செய்த மெஷினில் ஏன் ஓட வேண்டும்? அப்படி ஓடணும்னு ஆரம்பத்தில் யாரும் திட்டம் போடவில்லை.

கதை 1981 ஆகஸ்டில் தொடங்குகிறது. ஐபிஎம் தன் முதல் பிசியை அவசர அவசரமாகச் செய்தது. பிராசஸர் இன்டெல்லுடையது, டாஸ் மைக்ரோசாஃப்டுடையது, மற்ற பாகங்களும் பெரும்பாலும் கடையில் கிடைப்பவை. ஐபிஎம்முக்கே சொந்தமானது என்று சொல்ல இருந்தது பயாஸ் என்கிற சின்ன புரோகிராம். கரன்ட் வந்ததும் முதலில் விழித்து, மெஷினைத் தட்டி எழுப்புகிற புரோகிராம் அது. அதன் மூல நிரலையும் ஐபிஎம் தன் டெக்னிக்கல் கையேட்டில் அச்சிட்டே விற்றது. எல்லோரும் படிக்கலாம், ஆனால் காப்புரிமை இருப்பதால் யாரும் காப்பியடிக்க முடியாது என்பது கணக்கு.

காம்பாக் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. ஒரு குழு பயாஸைப் படித்து, அது என்னென்ன வேலை செய்கிறது என்று மட்டும் எழுதிக்கொடுக்கும். ஐபிஎம் நிரலைக் கண்ணாலேயே பார்க்காத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக எழுதும். 1983இல் காம்பாக் போர்ட்டபிள் கடைக்கு வந்தது. 1984இல் ஃபீனிக்ஸ் என்கிற நிறுவனம் இதேபோல ஒரு பயாஸ் எழுதி, காசு கொடுக்கிற எவருக்கும் விற்க ஆரம்பித்தது. அதன்பிறகு குளோன் மெஷின்கள் குவிந்தன. லோட்டஸ் 1-2-3யும் ஃப்ளைட் சிமுலேட்டரும் ஓடுதா, அப்போ அது ஐபிஎம் மாதிரிதான். அன்றைக்கு அவ்வளவுதான் பரிசோதனை.

அந்த பயாஸ் டிஸ்க்கை பூட் செய்கிற முறை கிட்டத்தட்ட வெகுளித்தனமானது. டிஸ்க்கின் முதல் செக்டரை, அதாவது 512 பைட்டை, மெமரியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஏற்றும். கடைசி இரண்டு பைட்டில் சரியான முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அந்த நிரலிடம் கட்டுப்பாட்டை ஒப்படைத்துவிடும். நீ யாரு, எந்த மெஷின்லேர்ந்து வர்றே என்றெல்லாம் கேட்காது. 1983 மார்ச்சில் 10 எம்பி டிஸ்க்குடன் வந்த பிசி எக்ஸ்டியும் டாஸ் 2.0வும் அந்த 512 பைட்டைப் பங்கு போட்டன: 446 பைட் நிரலுக்கு, 64 பைட் நான்கு பார்ட்டிஷன்களின் பட்டியலுக்கு, மீதி 2 பைட் முத்திரைக்கு. கொஞ்ச காலம் முன்பு வரை நம் மெஷின்களும் இதை வைத்துத்தான் எழுந்துகொண்டிருந்தன.

ஆனால் அந்தக் காலத்து டிஸ்க்கை அப்படியே கழட்டி மாட்ட முடியாது. டிஸ்க் தனி, அதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் கார்டு தனி. ஒரு கம்பெனி கார்டில் ஃபார்மட் செய்த டிஸ்க்கை வேறு கம்பெனி கார்டு பெரும்பாலும் படிக்காது. மாற்றுவதானால் கார்டோடு சேர்த்து மாற்ற வேண்டும். 1986 வாக்கில் காம்பாக் மெஷின்களில் ஐடிஇ வந்ததும்தான் கன்ட்ரோலர் டிஸ்க்கின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்தது. டிஸ்க் ஒரு முழு ஆளாக ஆனது அப்போதுதான்.

அடுத்த தலைவலி அளவு. பழைய பயாஸ் 1024 சிலிண்டர்வரைதான் எண்ணும். ஐடிஇ 16 ஹெட்டுக்கு மேல் எண்ணாது. டிராக்குக்கு 63 செக்டர். பெருக்கிப் பார்த்தால் 528 எம்பி. டிஸ்க் அதைத் தாண்டியதும், ஹெட் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டி பயாஸ்கள் பொய்க்கணக்குச் சொல்ல ஆரம்பித்தன. சிக்கல் என்னன்னா, ஒவ்வொரு பயாஸும் ஒவ்வொரு விதமாகப் பொய் சொன்னது. டிஸ்க்கில் எல்லாம் பத்திரமாக இருக்கும். ஆனால் புது மெஷின் வேறு கணக்கில் தேடி, ஆபரேட்டிங் சிஸ்டமே இல்லை என்று கையை விரிக்கும். செக்டர்களுக்கு நேராக வரிசை எண் கொடுக்கும் எல்பிஏ முறை பரவிய பிறகுதான் இது ஓய்ந்தது.

விண்டோஸிலும் இரண்டு குணம் உண்டு. 95, 98 எல்லாம் சரியான டிரைவர் இல்லையென்றால் பழைய பயாஸ் வழியிலேயே டிஸ்க்கைப் படித்து, தட்டுத்தடுமாறி எழுந்துவிடும். எழுந்தபிறகு புது ஹார்டுவேர், புது ஹார்டுவேர் என்று சிடி கேட்டே நம் உயிரை எடுக்கும். என்டி வம்சம் (2000, எக்ஸ்பி) கறார். பாதி வழியில் பயாஸைக் கைகழுவிவிட்டுத் தன் டிரைவரை நம்பும். புது மதர்போர்டின் கன்ட்ரோலருக்கான டிரைவர் ரிஜிஸ்ட்ரியில் முன்கூட்டியே தயாராக இல்லையென்றால், 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை. பழைய மெஷினிலேயே டிரைவரைப் பொதுவான ஐடிஇ கன்ட்ரோலர் என்று மாற்றிவிட்டுக் கழட்டினால் தப்பிக்கலாம். பழைய மெஷின் உயிரோடு இருக்கும்போதே செய்தாகணும், அதுதான் கொடுமை.

இதெல்லாம் எதுக்கு, ஃபைலை மட்டும் காப்பி பண்ணிக்கலாமே என்பீர்கள். போன வருஷம் எனக்குத் தெரிந்த ஒரு அச்சகத்து அண்ணன் 4.3 ஜிபி டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் விண்டோஸ் 98, பேஜ்மேக்கர். உள்ளே ஒரு தெருக்கூத்து வாத்தியார் தன் நோட்டிலிருந்து சொல்லச் சொல்ல டைப் அடித்த நாடகங்கள் இருந்தன. காசில்லாமல் புத்தகம் அச்சாகவே இல்லை. வாத்தியார் இப்போது இல்லை. நோட்டு வெள்ளத்தில் போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்த டிஸ்க்தான் என்றார்.

அந்த ஃபைலைக் காப்பி செய்து இன்றைய மெஷினில் திறந்தால் வருவது குப்பை. யூனிகோடில் 1991லேயே தமிழ் இருந்தாலும் பேஜ்மேக்கருக்கு அது தெரியாது. ஒவ்வொரு எழுத்துரு கம்பெனியும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைத் தன் இஷ்டத்துக்கு நிரப்பியிருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, டாப், டாம் என்று தமிழக அரசு தரம் அறிவித்தும் பல டிடிபி கடைகள் பழக்கத்தை விடவில்லை. எழுத்துரு, பேஜ்மேக்கர், விண்டோஸ் மூன்றும் சேர்ந்தால்தான் அந்த ஃபைலுக்கு வாய் வரும். ஆக, அந்த டிஸ்க் முழுசாக எழுந்தாக வேண்டும்.

இப்படி யோசித்தவர்கள் வெளியிலும் உண்டு. சல்மான் ருஷ்டியின் ஆவணங்களோடு அவருடைய பழைய ஆப்பிள் கம்ப்யூட்டர்களும் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்துக்குப் போயின. 2010இல் அந்த ஆவணங்களைத் திறந்தபோது, அவருடைய பெர்ஃபார்மா 5400 மெஷினை எமுலேஷனில் எழுப்பி ஆய்வாளர்களுக்குக் காட்டினார்கள். அவர் பார்த்த திரையை அவர்களும் பார்த்தார்கள்.

நாங்கள் டிஸ்க்கை நேராக பூட் செய்யவில்லை. பூட் ஆனாலே விண்டோஸ் அதில் எழுதத் தொடங்கிவிடும். முதலில் யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, டிடிரெஸ்க்யூ வைத்து முழு இமேஜ் எடுத்தோம். கெட்டுப்போன செக்டர்களைச் சுற்றிச்சுற்றி வந்ததில் ஒன்றரை நாள் ஆனது. பிறகு அந்த இமேஜை, பழைய மதர்போர்டுபோல நடிக்கிற 86பாக்ஸ் என்ற எமுலேட்டரில் மாட்டினோம். விண்டோஸ் 98 எழுந்தது. வழக்கம்போல சிடி கேட்டது. நல்லவேளை, நிறுவல் ஃபைல்கள் டிஸ்க்கிலேயே ஒரு ஃபோல்டரில் கிடந்தன. தமிழ் தட்டச்சு மென்பொருள் பிரிண்டர் போர்ட்டில் செருகும் டாங்கிளைத் தேடியது. அது எப்போதோ தொலைந்துவிட்டது. பரவாயில்லை, நமக்கு டைப் அடிக்க வேண்டாம், படித்தால் போதும். பேஜ்மேக்கரில் ஒவ்வொரு நாடகமாகத் திறந்து, போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபைலாக பிரிண்ட் கொடுத்து, வெளியே எடுத்து பிடிஎஃப் ஆக்கினோம். ஏழு நாடகங்களில் ஐந்து முழுசாகக் கிடைத்தன. ஒன்றில் நடுவில் பதினோரு பக்கம் இல்லை. ஒன்று திறக்கவே இல்லை. பக்கங்கள் இல்லாத நாடகத்தை மட்டும், வாத்தியாரோடு ஆடியவர்களைத் தேடிப் பிடித்து உட்காரவைத்து நிரப்பப் பார்க்கிறார் அண்ணன்.

இப்போது அவர் வாங்கியிருக்கிற லேப்டாப்பில் பிட்லாக்கர் ஓடுகிறது. டிஸ்க்கின் சாவியை மதர்போர்டில் இருக்கும் டிபிஎம் என்ற சிப் காக்கிறது. 1983இன் பயாஸ் கேட்காத கேள்வியை, நீ எந்த மெஷின்லேர்ந்து வர்றே என்பதை, இது கேட்கும். போர்டு செத்து டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டினால், 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் ஒரு வரிகூடப் படிக்க முடியாது. அந்த எண்ணை பேப்பரில் பிரிண்ட் எடுத்து, கடை பத்திரத்தோடு பீரோவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.