ஓவல் மைதானமும் அவுரித் தோட்டமும்

1882 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் 7 ஓட்டங்களில் ஆஸ்திரேலியாவிடம் இங்கிலாந்து தோற்றது. அப்போது ஆட்டமிழக்காமல் மறுமுனையில் நின்றவர் சி. டி. ஸ்டட். ஆஷஸ் மரபு அத்தோல்வியில் பிறந்தது. அடுத்த பருவத்தில் ஆஸ்திரேலியா சென்று வென்ற அணியிலும் அவர் இருந்தார். ஆயினும் 1885இல் ஆட்டத்தைத் துறந்து, ‘கேம்பிரிட்ஜ் எழுவர்’ குழுவில் ஒருவராய்ச் சீனாவுக்கு மிஷனரியாகப் புறப்பட்டார்.

மட்டையைத் துறந்ததை எல்லோரும் வியக்கின்றனர். செல்வத்தைத் துறந்த விதமே இந்திய வாசகர் கருத வேண்டியது. அவருடைய தந்தை வடபீகாரின் திர்ஹுத்தில் அவுரித் தோட்டங்களால் பெரும்பொருள் ஈட்டியவர். 1887இல் தம் பங்கை ஸ்டட் பகிர்ந்தளித்தார். இந்தியாவில் இரட்சணிய சேனையின் பணிக்கு 5,000 பவுண்டு கொடுத்தார். அமெரிக்க நற்செய்தியாளர் மூடிக்கு இன்னொரு 5,000 அனுப்பி, திர்ஹுத்திலேயே ஊழியம் தொடங்க வேண்டினார். அது கைகூடவில்லை, அப்பணம் சிகாகோவில் மூடியின் வேதாகமப் பள்ளிக்குச் சென்றது.

பின்னர் ஸ்டட்டே இந்தியா வந்து, 1900 முதல் 1906 வரை உதகமண்டலத்தில் போதகராயிருந்தார். 1931இல் காங்கோவில் மறைந்தார்.

பணம் எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதை அவர் மறக்கவில்லை. அது அவருடைய விசுவாசத்தின் நேர்மை. ஆனால் அந்த மண்ணுக்குரிய கடனை நற்செய்தியால் தீர்க்கலாம் என்று கருதினார். அதே திர்ஹுத் வட்டாரத்துச் சம்பாரண் குடியானவர்கள் 1917இல் காந்தியிடம் முறையிட்டதோ, கட்டாய அவுரிச் சாகுபடியைப் பற்றி.