ஆரணிக் கோட்டை

ஆரணிக் கோட்டை, திருவண்ணாமலை மாவட்டத்தின் பட்டு நெசவு நகரான ஆரணியில், கமண்டல நாகநதிக் கரையை ஒட்டி அமைந்த தரைக்கோட்டை. ஆர்க்காட்டுக்குத் தெற்கே, நெல் விளையும் சமவெளியில் இருந்ததால் 18ஆம் நூற்றாண்டுப் படைகளுக்கு இது நல்ல களஞ்சியமாகப் பயன்பட்டது.

ஜாகீர்

பீஜப்பூர் சுல்தான்களின் படை தெற்கே வந்த 17ஆம் நூற்றாண்டில், அப்படையின் தளபதியும் சிவாஜியின் தந்தையுமான ஷாஜி, தம்மிடம் பணிபுரிந்த வேதாஜி பாஸ்கர் பந்துக்கு ஆரணியை ஜாகீராக வழங்கினார். மராட்டிய மாத்வ பிராமணரான அவருடைய வழியினர், ஆர்க்காட்டு நவாப் ஆட்சியையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சியையும் கடந்து ஜாகீர்தார்களாக நீடித்தனர். மாத்வ குரு சத்தியவிஜய தீர்த்தரின் பிருந்தாவனம் அமைந்த சத்தியவிஜயநகரத்தில் அவர்களின் அரண்மனை உள்ளது.

போர்கள்

ஆர்க்காட்டு முற்றுகையைத் தாங்கி நின்ற கும்பினிப் படைத்தலைவர் ராபர்ட் கிளைவ், 1751 டிசம்பர் 3 அன்று, மராட்டியக் குதிரைப்படையின் துணையுடன் நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபையும் பிரெஞ்சுப் படையையும் ஆரணி அருகே தோற்கடித்தார். ஆரணிக் கோட்டைத் தலைவர் இதன்பின் ஆங்கிலேயர் ஆதரித்த நவாப் முகமது அலியின் பக்கம் சாய்ந்தார்.

இரண்டாம் மைசூர்ப் போரில் மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் தளவாடங்களும் உணவுப் பொருள்களும் இங்கே சேமிக்கப்பட்டிருந்தன. அவற்றைக் குறிவைத்துக் கும்பினிப் படைத்தளபதி அயர் கூட் படையெடுத்தார். 1782 ஜூன் 2 அன்று ஹைதர் அவரைக் களத்தில் தடுத்து நிறுத்த, அதற்குள் கோட்டைக் காவல் பலப்படுத்தப்பட்டது. கூட் கோட்டையைப் பிடிக்காமலே திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரில் ஹைதர் இறந்தார். அடுத்த ஏப்ரலில் கூட்டும் இறந்தார். மூன்றாம் மைசூர்ப் போர்க்காலத்தில், 1790இல், இறந்த கர்னல் ராபர்ட் கெல்லிக்கு எழுப்பிய நினைவுத்தூண் கோட்டைப் பகுதியில் உள்ளது.

நெசவு

போர் ஓய்ந்த ஆரணிக்குப் பெயர் தேடித் தந்தது தறி. மெல்லிய மஸ்லின் துணிக்கு அறியப்பட்டிருந்த ஊர், பின்னாளில் பட்டுச் சேலைக்குப் புகழ்பெற்றது. ஆரணிப் பட்டு இன்று புவிசார் குறியீடு பெற்றுள்ளது.

இன்றைய நிலை

1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு ஜாகீர் முறை முடிவுக்கு வந்தது. மதில்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. கைலாசநாதர் கோயில், வேம்புலியம்மன் கோயில், அரசு அலுவலகங்கள், மைதானம் ஆகியவற்றால் கோட்டைப் பகுதி நகரின் அன்றாட வாழ்வில் கலந்திருக்கிறது. அரணாக இருந்த இடத்துக்கு ஊரார் வழக்கில் 'கோட்டை' என்ற பெயர் மட்டும் மாறவில்லை.