இச்சை கடமையாகுமா? இந்தியச் சட்டத்தில் தாம்பத்திய உரிமையின் வரலாறு

முன்னுரை

கணவன், மனைவி இருவரில் ஒருவர் தக்க காரணமின்றிப் பிரிந்து சென்றால், மற்றவர் நீதிமன்றத்தில் ‘சேர்ந்து வாழ மனு’ போடலாம். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. குடும்ப நீதிமன்றங்களில் அன்றாடம் புழங்கும் இம்மனுவுக்குள் ஒரு மெய்யியல் கேள்வி அடங்கியுள்ளது. ஒருவரின் உடல் நெருக்கத்தை இன்னொருவர் தம் உரிமை என்று கேட்டுப் பெற முடியுமா? இக்கேள்விக்கு இந்திய நீதிமன்றங்கள் ஒன்றரை நூற்றாண்டாக அளித்துவந்த விடைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

உரிமையின் வேர்

இவ்வழக்கு முறை இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்களிலிருந்து வந்தது. தம்பதியர் ஒருவர் உடல்மீது மற்றவர் அதிகாரம் உடையவர் என்னும் பவுலடிகளின் போதனை அச்சிந்தனைக்கு அடிப்படை. 1797இல் இம்மானுவேல் காண்ட் இதற்குத் தத்துவ வடிவம் தந்தார். ஒருவரை இன்பத்துக்குப் பயன்படுத்துவது அவரைப் பொருளாக்கிவிடும். இருவரும் ஒருவரையொருவர் சமமாக உடைமை கொள்ளும் திருமணம் மட்டுமே அந்த இழிவை நீக்கும் என்பது அவர் வாதம். அதன் தொடர்ச்சியாக, ஓடிப்போன துணையை ஒரு பொருளை மீட்பதுபோல மீட்கலாம் என்றும் எழுதினார். சமத்துவத்தில் தொடங்கிய வாதம் உடைமையில் போய் முடிந்தது. இதற்கு மாறாக, விரும்பாத கணவனை மறுக்கும் உரிமை மனைவிக்கு இல்லை என்பதை அடிமைத்தனத்தின் கொடிய வடிவமாக 1869இல் ஜான் ஸ்டூவர்ட் மில் கண்டார்.

இந்தியாவில் 1867இல் ஒரு முஸ்லிம் தம்பதியரின் வழக்கில் பிரிவி கவுன்சில் இத்தகைய வழக்கை உரிமையியல் நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என்றது. அதன்பின் பிற சமயத்தாரும் இவ்வழியை நாடினர்.

ருக்மாபாயின் மறுப்பு

பம்பாயில் 11 வயதில் மணமுடிக்கப்பட்ட ருக்மாபாய், கணவர் தாதாஜி பிகாஜியுடன் வாழச் செல்லாமல் பிறந்த வீட்டிலேயே வளர்ந்தார். 1884இல் தாதாஜி வழக்குத் தொடுத்தார். சேர்ந்தே வாழாதவர்களிடையே ‘மீட்க’ என்ன இருக்கிறது என்ற அடிப்படையில் 1885இல் நீதிபதி பின்ஹே வழக்கைத் தள்ளினார். மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நிற்கவில்லை. 1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன், கணவரிடம் செல்ல வேண்டும், மறுத்தால் ஆறு மாதச் சிறை என்றார். சிறையே மேல் என்றார் ருக்மாபாய். 1888இல் 2,000 ரூபாய் கொடுத்துச் சமரசம் ஏற்பட்டது. பின்னர் அவர் லண்டனில் மருத்துவம் படித்துத் திரும்பினார்.

சிறுவயதில் தாம் சம்மதிக்காத மணம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்பதே ருக்மாபாயின் நிலைப்பாடு. ஆனால் அடுத்து வந்த சீர்திருத்தம் சம்மதத்தைத் தொடவில்லை. வயதை மட்டுமே தொட்டது. கல்கத்தாவில் சிறுமி பூல்மோனி கணவனின் உடலுறவால் இறந்தபின், 1891இல் உறவுக்கான வயது வரம்பு 10இலிருந்து 12 ஆனது. அந்த வயதைக் கடந்த மனைவியின் விருப்பத்தைச் சட்டம் கேட்கவில்லை. சேர்ந்து வாழும் மனுமீதான தீர்ப்பை மீறினால் சிறை என்பதோ 1923இல்தான் நீங்கியது. சொத்து ஜப்தி இன்றும் நீடிக்கிறது.

ஒப்பந்தமும் பழைய சுமையும்

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் கேட்டது. திருமணத்தைப் புனிதக் கட்டு என்ற நிலையிலிருந்து இறக்கி, இரு நண்பர்களின் ஒப்பந்தமாகப் பெரியார் விளக்கினார். 1967இல் அண்ணா அரசு கொண்டுவந்த திருத்தம் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு அளித்தது. ஆயினும் அத்திருத்தம் இந்து திருமணச் சட்டத்துக்குள் 7ஏ பிரிவாகவே இடம்பெற்றது. தாலியையும் புரோகிதரையும் விலக்கி மணந்தவர்களையும் 9ஆம் பிரிவு விடவில்லை.

1983: திறந்து மூடிய கதவு

1983இல் திரைப்பட நடிகை சரிதாவின் வழக்கில் ஆந்திர உயர்நீதிமன்ற நீதிபதி பி. ஏ. சௌத்ரி 9ஆம் பிரிவே செல்லாது என்று தீர்ப்பளித்தார். உடலுறவு கொள்வதா, கருத்தரிப்பதா என்ற முடிவைப் பெண்ணிடமிருந்து பறித்து அரசிடம் கொடுப்பது அந்தரங்க உரிமைக்கும் மனித கண்ணியத்துக்கும் எதிரானது என்றார். அதே ஆண்டிலேயே டெல்லி உயர்நீதிமன்றம் இதை மறுத்தது. இம்மனுவின் நோக்கம் சேர்ந்து வாழ்வதே தவிர உடலுறவு அன்று என்பது அதன் விளக்கம். 1984இல் உச்ச நீதிமன்றமும், சரோஜ் ராணி வழக்கில், 9ஆம் பிரிவு செல்லும் என்றது. இச்சட்டத்தின் தாயகமான இங்கிலாந்து 1970லேயே அதை நீக்கிவிட்டிருந்தது.

இன்றைய முரண்

2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமையானது. 2018இல் ஒருபாலுறவும், கணவனை மனைவியின் உடைமையாளனாகப் பாவித்த பிறன்மனைக் குற்றப் பிரிவும் குற்றப் பட்டியலிலிருந்து நீங்கின. ஆனால் 18 வயது நிரம்பிய மனைவியைக் கணவன் வற்புறுத்துவது வன்புணர்வு ஆகாது என்ற விதிவிலக்கு, 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது. 2022இல் இது குறித்து டெல்லி உயர்நீதிமன்ற நீதிபதிகள் இருவர் மாறுபட்ட தீர்ப்புகள் வழங்கினர். கணவன் மனைவியிடம் உறவை நியாயமாக எதிர்பார்க்கலாம் என்று அவர்களில் ஒருவர் கருதினார்.

எதிர்பார்ப்பு நியாயமானதே. காரணமின்றி நெடுங்காலம் உறவை மறுப்பது மனக்கொடுமை ஆகலாம் என்று சமர் கோஷ் வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. அங்கே கிடைத்த பரிகாரம் மணவிலக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். வாக்குறுதியால் கட்டக்கூடியது நம் சொல்லுக்கு அடங்கும் செயலை மட்டுமே. உண்மையாக இருப்பேன், நோயில் கவனிப்பேன் என்று உறுதி கூறலாம். பத்தாண்டு கழித்தும் இச்சை கொள்வேன் என்று உறுதி கூற எவராலும் இயலாது, இச்சை எவர் கட்டளைக்கும் வருவதில்லை. சம்மதமும் ஒருமுறை கொடுத்துத் தீர்வதன்று.

முடிவுரை

வயது, தண்டனை, சடங்கு ஆகியவற்றை இந்தியச் சட்டம் ஒவ்வொன்றாகத் திருத்தியது; உடைமை என்ற மூலக் கருத்தை மட்டும் முழுமையாகக் கைவிடவில்லை. விருப்பம் இல்லாமற்போவது பிரிவதற்குக் காரணமாகலாம், வற்புறுத்தக் காரணமாகாது. இவ்வேறுபாட்டை மணவிலக்குச் சட்டம் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே 9ஆம் பிரிவும் மேற்கண்ட விதிவிலக்கும் நீக்கப்பட வேண்டும்.